கடலூர் மெக்டோரன் வகையறா

ஸ்காட்லாந்திலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள், மெக்டோரன் என்று யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கிறாள் என்றால், கடலூர் முதுநகரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சொத்து. டீக்கடைக்காரர் கேட்டார். சர்ச் வாட்ச்மேன் கேட்டார். இடுப்பில் மீன் கூடையோடு என்னைத் தாண்டிப் போய்விட்ட அம்மா, நின்று, திரும்பி வந்து கேட்டார். "வெள்ளக்காரன் எதுனா எழுதி வச்சிட்டுப் போயிருக்கானா கண்ணு? எந்த எடம்?" நான் கொண்டுவந்திருந்தது ஒரு வியாதியின் பெயர். அதை நடுத்தெருவில் நின்று சொல்ல முடியாது. "சும்மா விசாரிக்கத்தானுங்க" என்று சொல்லிச் சொல்லி மத்தியானத்துக்குள் தொண்டையும் பொறுமையும் ஒன்றாக வறண்டுவிட்டன.

என் பெயர் கலாமணி. கோயம்புத்தூர்க்காரி. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இதயப் படம் எடுப்பது என் வேலை. ஈசிஜி என்றால் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மார்பில் குமிழ்களைப் பதித்து, ஓடும் காகிதத்தில் கோடு ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பவள். இதை இந்தப் பயணத்தில் பத்துப் பேருக்காவது சொன்னேன். எல்லோரும் கேட்டுவிட்டு "சரிங்க டாக்டரம்மா" என்றார்கள்.

என்னை அனுப்பியவள் ஐல்சா மெக்டோரன். என் பக்கத்து வீடு. அவளுடைய தம்பி இளவயதில் நீச்சல் குளத்தில் செத்தான். நல்ல நீச்சல்காரன். பல வருஷம் கழித்து அவள் மகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள், பஸ் நின்றது, அவள் ஏறவில்லை. அதற்கப்புறம்தான் டாக்டர்கள் குடும்பத்தையே கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தில் ஒரு கோளாறு, பரம்பரையாக வருவது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடும்போதோ நீந்தும்போதோ திடீரென்று தாளம் தப்பும். சிலர் மயங்கி எழுவார்கள், சிலர் எழ மாட்டார்கள். பெரும்பாலும் ஒரு படத்திலேயே தெரிந்துவிடும், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டத்தையும் நீச்சலையும் விட்டுவிட்டால் கிழவியாகும் வரை வாழலாம். ஐல்சா அப்படித்தான் வாழ்கிறாள்.

உலகத்தில் எங்கெங்கோ இருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள் போன் போட்டுச் சொன்னாள். மிச்சம் இருந்தது கடலூர். அவள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் அவுரி வியாபாரத்துக்காக அங்கே போய், அந்த ஊர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, அங்கேயே செத்தார் என்று வீட்டில் பேச்சு உண்டாம். 2009-இல் நான் லீவில் கோயம்புத்தூர் கிளம்பியபோது, "போகிற வழிதானே?" என்று கேட்டாள். அவள் வீட்டு உலக வரைபடத்தில் இந்தியா உள்ளங்கை அளவு. அதில் எல்லாமே போகிற வழிதான்.

அந்தக் குடும்பப் பெயருக்கு அங்கே ஒரு சங்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்கள் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு கூடுவார்கள், விஸ்கி குடிப்பார்கள், சுவர் நிறைய வம்ச மரத்தை மாட்டி வைத்து அவரவர் கிளையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கடலூர்க் கிளை அந்த மரத்தில் இல்லை. ஏன் என்று செயலாளரிடம் கேட்டேன். முறையான திருமணம் நடந்ததற்கு ஆதாரம் இல்லையாம், அதனால் சேர்க்க முடியாதாம். "கல்லறை இருந்தால் மட்டும் ஒரு போட்டோ எடுத்து வாருங்கள்" என்றார். செத்தவர் வேண்டும், பிள்ளைகள் வேண்டாம். அந்தக் கோபத்தோடுதான் விமானம் ஏறினேன், கடலூர் வரைக்கும் அது ஆறவில்லை.

கல்லறை கிடைத்தது. கல் இரண்டாக உடைந்து, மேலே ஆடு படுத்திருந்தது. போட்டோ எடுக்கவில்லை. ஆனால் சர்ச் வாட்ச்மேன், சொத்து இல்லை என்பது உறைத்த பிறகும் நல்ல மனுஷராக யோசித்துப் பார்த்தார். "மெக்டோரன்னு ஒரு வாத்தியாரு இருந்தாரு. செத்து ரொம்ப வருஷம் ஆவுது. அவுரு பொண்ணு செம்மண்டலத்துல இருக்குது, எஸ்தர். பையன் ஞானராஜு சிதம்பரத்துல பஸ் ஸ்டாண்டு பின்னால ஸ்டேஷனரி கடை வச்சிருக்காரு."

அப்போதுதான் மண்டையில் ஏறியது. வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் வாலைப்போல் பின்னாலேயே வரும். நம்மிடம் அதைக் கொடுத்தால் நாம் அதைப் பேரனுக்குப் பெயராக வைத்துவிடுவோம். அந்தப் பேரனின் பிள்ளைகளுக்கு அது முன்னால் நிற்கும் ஓர் எழுத்து. மகளுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த எழுத்தும் போய்ப் புருஷனுடைய எழுத்து வந்துவிடும். பெயர் இப்படிக் காணாமல் போகும், ரத்தம் மட்டும் வீட்டு விலாசம் மாறாமல் இருக்கும்.

மறுநாள் செம்மண்டலத்துக்கு ஆட்டோ. ஓட்டுநர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, மச்சானைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சந்துக்குள் போனார், வரவே இல்லை. ஆனி மாத வெயில். கடல் பக்கத்திலிருந்து வரும் காற்றில் உப்பும் ஏதோ ரசாயன நெடியும் கலந்து மூக்கை அரித்தது. கோயம்புத்தூரில் இந்த மாதம் பாலக்காட்டுக் காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கும். வண்டியில் உட்கார்ந்து புழுங்கியது போதும் என்று இறங்கி நடந்தேன்.

எஸ்தர் வீட்டு வாசலில் பந்தல்காரர் கம்பு நடக் குழிக்கு அளந்துகொண்டிருந்தார். மகளுக்குக் கல்யாணம். எஸ்தருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, கலகலப்பான அம்மா. கணவர் தேவசகாயம் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்காதவர். நான் ஸ்காட்லாந்து என்றதுமே உள்ளே அடுப்பு பற்றிவிட்டது. இறால் தொக்கு, வஞ்சிரம் வறுவல், பண்ருட்டிப் பலாச்சுளை. அந்த இறால் தொக்குக்காக இன்னொரு தடவை கடலூர் போகலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"எங்க அப்பாதான் மெக்டோரன் வாத்தியாரு. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் பேரு வச்ச ஒரே ஆளு" என்றார் எஸ்தர். சுவரில் மகளின் போட்டோ, கழுத்து நிறைய மெடல்கள். "எங்க பிரிசில்லா. கீரப்பாளையத்துப் பக்கம் பி.டி. டீச்சரு. அங்கியே ரூம் எடுத்துத் தங்கியிருக்குது. கலர பாத்தீங்களா? அதெல்லாம் அந்தத் தாத்தாகிட்டேர்ந்து வந்துதுதான்."

அந்த இடத்தில்தான் நான் சொன்னேன், அவரிடமிருந்து வேறொன்றும் வந்திருக்கலாம் என்று. முடிந்தவரை மெதுவாக, பயமுறுத்தாமல், தினம் ஆஸ்பத்திரியில் சொல்கிற மாதிரியே சொன்னேன். கடைசியில், "உங்க வீட்டுல யாராச்சும் ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டுங்களா?" என்று கேட்டேன்.

எஸ்தர் என் இலையைப் பார்த்தார். "எங்க வம்சத்துல அப்டியெல்லாம் ஒண்ணும் கெடையாது." தேவசகாயம் மின்விசிறியைப் பார்த்தார். ஃபிரிட்ஜ் மேல் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. வலிப்புக்குக் கொடுப்பது, எனக்குத் தெரியும். "அது யாருக்குங்க?" என்றேன். "எனக்குத்தான், தலைவலிக்கு" என்று எஸ்தர் அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். "உங்க அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லோணுங்க" என்றதற்கு, "அண்ணன் ஊர்ல இல்ல, வர ரெண்டு மாசம் ஆவும்" என்றார். கை கழுவும்போது சோப்புகூட நீட்டவில்லை. கால் மணி நேரம் முன்னால் மூன்றாவது தடவை சோறு போட வந்த கை அது.

தேவசகாயம் கேட் வரை வந்தார். அங்கேதான் அவருக்கு வாய் வந்தது. "மேடம், பிரிசிக்கு ரெண்டு தபா வந்துது. கிரவுண்டுல ஓடறப்ப. டாக்டரு வலிப்புன்னாரு. வெளியில மூச்சு வுடல. மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும். கல்யாணம் முடியட்டும், அப்புறமா நீங்க சொல்றத செஞ்சிக்கலாம்."

"அதுக்குள்ள பொண்ணு செத்துப் போனா என்னங்க பண்ணுவீங்க?" என்று கத்தினேன்.

"மெல்லப் பேசுங்க மேடம்" என்றார் அவர். "பந்தல்காரன் காதுல வுழப்போவுது."

அன்று சாயங்காலம் முழுக்க லாட்ஜ் அறையில் நடந்தேன். ஐல்சா மகளைக் காப்பாற்ற ஆளில்லாமல் இழந்தாள். இங்கே சொல்ல ஆள் வந்து நிற்கிறது, பந்தல்காரன் காது பெரிதாகப் போய்விட்டது. அறையில் அடிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் தலையணையை அடித்தேன். அதிலிருந்து கிளம்பிய தூசிக்குத் தும்மித் தீரவில்லை.

அண்ணன் ஊரில் இல்லை என்பதை நான் நம்பவில்லை. அடுத்த நாள் காலை சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். கண்டக்டர் யாருக்கும் பதில் சொல்லாமல் போனில் சண்டை போட்டார். முந்திரிப் பருப்பு மூட்டையோடு நின்ற ஒருவர், "அடுத்த பஸ்ஸு வரும், இல்லன்னா அதுக்கு அடுத்தது வரும்" என்றார். ஸ்காட்லாந்தில் பஸ் நின்றால் மன்னிப்புக் கேட்டே சாகடிப்பார்கள். இங்கே முந்திரி தின்னக் கொடுத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் நான் இந்த ஊர்ப் பக்கம்.

ஞானராஜின் கடை திறந்திருந்தது, அவர் சரக்கு எடுக்கப் போயிருந்தார். பின்னாலேயே வீடு. சுண்ணாம்பு வாசனை, புதுப் பெயின்ட், ஏணி. இங்கேயும் ஏதோ விசேஷம். அவர் மனைவி ஜெயமேரி என்னை உட்காரவைத்து, யார் என்று கேட்பதற்கு முன்பே இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வைத்தார். கொத்சு என்ற ஒன்றை எங்கள் ஊரில் யாருக்கும் செய்யத் தெரியாது என்பதைக் கோயம்புத்தூர்க்காரியாகத் துக்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"உங்க மாமனார் பேரு மெக்டோரன்தானுங்களே?" என்றேன்.

"அவுரு பேர நான் சொல்ல மாட்டேன்" என்று சிரித்தார் ஜெயமேரி. சுவரில் இருந்த வாத்தியார் படத்தைக் கையால் காட்டினார். பக்கத்தில் இன்னொரு படம், சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. மீசை அரும்பிய பையன்.

"இவரு?"

"பெரியவன்."

"பேரு?"

"அதே பேருதான். மூத்த பேரனுக்குத் தாத்தா பேருதான வெக்கணும்." சிரிப்பு போய்விட்டது. "நான் தம்பின்னு கூப்புடுவேன். மாமனாரு பேர வாயால எப்டி சொல்றது? பிச்சாவரத்துத் தண்ணியில பூட்டான்."

படகு கவிழ்ந்ததா என்று கேட்டேன். அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஊருக்கு அப்டித்தான் சொன்னோம். படகெல்லாம் கவுரலம்மா. சிநேகிதப் பசங்களோட போனான். குதிச்சான், ரெண்டு கை போட்டான், அப்டியே நின்னுட்டான்னு சொல்றாங்க. மீனு மாரி நீந்துறவன். காக்கா வலிப்பா இருக்கும்னு யாரோ பேச ஆரம்பிச்சாங்க. சின்னவனுக்கு நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு இவுரு படகு கவுந்துடுச்சின்னு சொல்லிட்டாரு. கரையில போட்டு எல்லாரும் பேரச் சொல்லிச் சொல்லி எழுப்புறாங்க. நான் தம்பி தம்பின்னுதான் கத்துனேன். அப்பக்கூட என் வாயில அந்தப் பேரு வர்ல."

நான் இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். ஸ்காட்லாந்துச் சங்கத்துச் சுவரில் இடமில்லாத ஒரு மெக்டோரன், பெற்ற தாய் ஒரு தடவைகூடக் கூப்பிடாத மெக்டோரன், அந்த மாங்குரோவ் தண்ணீரில் ஐல்சாவின் தம்பி மாதிரியே நின்றுபோயிருக்கிறான். அழுதால் அந்த அம்மா எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். ஜெயமேரி குறுக்கே பேசாமல் கேட்டார். "சின்னவனுக்கு எப்பவாச்சும் மயக்கம் வந்துதுங்களா?" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு தடவை, கால்பந்து ஆடும்போது. "சின்னவன் ராஜாவுக்குத்தாம்மா இப்ப கல்யாணம். அதுக்குத்தான் வெள்ள அடிக்கிறோம்."

"பொண்ணு எந்த ஊருங்க?"

"வெளியில எங்கியும் இல்ல. நாத்தனா பொண்ணுதான். செம்மண்டலம் பிரிசில்லா."

தமிழச்சியாகப் பிறந்து வளர்ந்தவளுக்கு இது முந்தின நாளே தோன்றியிருக்க வேண்டும். அத்தை மகள், மாமன் மகன். எஸ்தர் எந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து வாயை மூடினாரோ, அது அவர் கூடப் பிறந்த அண்ணன் வீடு. ஒரே வாத்தியாரின் பேரனும் பேத்தியும், ஒரே வெள்ளைக்காரரின் ரத்தம், இரண்டு பக்கமும் வெள்ளையடித்துப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஞானராஜ் வந்தார். மனைவி சொன்னதை நின்றபடியே கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். பொண்ணு வூட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. கல்யாணம் முடியட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஏணியைத் தூக்கி வீசியிருப்பேன். "பொண்ணு வீடு எதுங்க, மாப்பிள்ளை வீடு எதுங்க? ரெண்டும் உங்கப்பா வீடுதானுங்களே! யாருகிட்டீங்க மறைக்கறீங்க?" என்று கத்தினேன். சுண்ணாம்பு அடிப்பவர் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஞானராஜ் கடையில் ஆள் நிற்கிறது என்று போய்விட்டார். எஸ்தர் வீட்டுச் சங்கதியை நான் அங்கே சொல்லவில்லை. அது பிரிசில்லாவின் உடம்பு. யார் இதயமோ அவரிடம் முதலில் சொல்வதுதான் என் தொழிலில் நியாயம்.

செருப்பை மாட்டும்போது ஜெயமேரி பின்னாலேயே வந்தார். "பிரிசி கீரப்பாளையத்துலதான் வேல செய்யுது. காட்டுமன்னார்கோயில் பஸ்ஸு இல்ல, சேத்தியாத்தோப்பு பஸ்ஸு ஏறணும். ஸ்கூலு வாசல்லியே நிக்கும்" என்றார், காற்றிடம் பேசுகிற மாதிரி. புருஷனுக்குத் தெரியாமல் அவர் செய்த முதல் காரியமாகக்கூட அது இருக்கலாம்.

கீரப்பாளையத்தில் நாற்றங்கால் பச்சை கண்ணை நிறைத்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் விசில் சத்தம். பெண் பிள்ளைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு முன்னால், எல்லோரையும்விட வேகமாக, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, போட்டோவில் பார்த்த அந்த முகம். நான் கேட்டைத் தள்ளிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினேன். கல்லூரிக் காலத்துக்குப் பிறகு நான் ஓடியது அன்றுதான். "நில்லு கண்ணு! ஓடாதே! மெதுவா நில்லு!"

அவள் நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத்தான் மயக்கம் வந்தது. அவள்தான் என்னைக் கைத்தாங்கலாக நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி. "அப்ப எனக்கு வலிப்பு இல்லியா?"

"படம் எடுக்காம எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குச் சந்தேகம்."

"ரெண்டு வருஷமாக்கா" என்றாள். முகம் சிவந்துவிட்டது. "தூக்கத்துல வந்து நாக்கக் கடிச்சிக்குவேன்னு அம்மா சொல்லிச்சி. தெனம் வாயில துணிய வச்சிக்கிட்டு தூங்குறேன். இதெல்லாம் வாழ்க்கையான்னு இருக்கும். கேட்டா, கல்யாணம் ஆவட்டும், கல்யாணம் ஆவட்டும்." பிள்ளைகள் இருந்ததால் அவள் கத்தவில்லை. விசிலைக் கழற்றி மண்ணில் எறிந்தாள், எடுத்துத் துடைத்து இன்னொரு டீச்சரிடம் கொடுத்தாள், போனை எடுத்தாள். "ராஜா மாமா, வேலய வுட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா. ஏன்னு கேக்காத. ஓடி வராத, நடந்து வா."

பஸ் ஸ்டாண்டுக்கு அருகே படம் எடுக்கும் இடம் ஒன்று இருந்தது. அங்கிருந்த டெக்னீஷியன், நானும் அதே தொழில் என்றதும் திரையை விலக்கி இடம் விட்டார். ராஜா வந்தான், நெட்டையான, சங்கோஜமான பையன். கூடவே ஜெயமேரியும் வந்தார், யாரும் கூப்பிடாமலே. முதலில் பிரிசில்லா, பிறகு அவன். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐல்சாவின் காகிதத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கோடு மேலேறி இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இழுத்துக்கொண்டே போனது, இரண்டிலும்.

மேல் மாடியில் இருந்த இதய டாக்டர் பார்த்தார், நான் எழுதிக் கொண்டுவந்ததையும் படித்தார். வலிப்பு இல்லை என்றார். இருவருக்கும் அன்றைக்கே மாத்திரை எழுதினார். ஓட்டம், நீச்சல் இனிமேல் கிடையாது, மேல் பரிசோதனைக்குப் பாண்டிச்சேரி போக வேண்டும் என்றார். செம்மண்டலத்துக்கு ராஜாதான் போன் போட்டான்.

எஸ்தரும் தேவசகாயமும் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஞானராஜும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். படம் எடுக்கிற அறையில் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்றது. "ரெண்டு பேருக்கும் இருக்குதா?" என்று கேட்டார் எஸ்தர்.

"ஆமாங்க."

பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி. இவுங்கள அவுங்களோ அவுங்கள இவுங்களோ ஒரு வார்த்த சொல்ல முடியாது. அண்ணே, தேதிய மாத்த வேணாம்." ஞானராஜ் மூச்சு விட்டார். "அதான பாத்தேன். நம்ம வூட்டோட இருக்கட்டும், வெளியில போவ வேணாம்."

நோயை மறைத்துக் கல்யாணம் நடத்தப் பார்த்தவர்கள் இப்போது இதையே பொருத்தமாக்கிவிட்டார்கள். என் பல் நறநறத்தது. "நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் வரலாமுங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா இதைவிட மோசமா இருக்கும். காது கேக்காமப் பொறக்கும், சின்னதுலயே போயிரும். உங்களுக்குப் புரியுதுங்களா, இல்லீங்களா?"

"மாத்திர போட்டுக்கிறேம்மா" என்றாள் பிரிசில்லா. "கல்யாணம் வேணாம்."

ராஜா தரையைப் பார்த்தபடி, "எனக்கும் வேணாம் அத்த" என்றான். அவன் குரலில் நோய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு நிம்மதியும் இருந்தது. கூடவே வளர்ந்தவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று இரண்டு பேரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எஸ்தர் என் மேல் பாய்ந்தார். "நல்லா இருந்த குடும்பத்துல வந்து கொள்ளி வச்சிட்டியே! வெள்ளக்காரி சொன்னான்னு கெளம்பி வந்துட்டா! எங்க வூட்டு சங்கதி உனக்கு இன்னா?" தேவசகாயம் அவர் தோளைப் பிடித்தார். ஞானராஜ் மச்சானைப் பார்த்து, பெண்ணுக்கு மயக்கம் வந்ததை ஏன் மறைத்தாய் என்றார். தேவசகாயம், பெரியவன் படகு கவிழ்ந்தா செத்தான் என்று திருப்பிக் கேட்டார். டெக்னீஷியன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

அத்தனை சத்தத்திலும் ஜெயமேரி மட்டும் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு இவ்ளோ நேரந்தானாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"பெரியவனுக்கும் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "தெரிஞ்சிருக்குமுங்க" என்றேன்.

அவர் முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டார். எல்லோரும் அடங்கிவிட்டார்கள். பிறகு புருஷன் கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்தார். "சட்டையக் கழட்டிட்டுப் படுங்க."

"எனக்கு எதுக்குடி?"

"உங்க அப்பா ரத்தம் எனக்கா ஓடுது? படுங்க."

ஞானராஜ் படுத்தார். அவர் கோடு ஒழுங்காக விழுந்தது, ஆனாலும் சிலருக்குப் படத்தில் தெரியாது, பிள்ளைகளுக்கு அவர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும், பாண்டிச்சேரிப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லி எழுப்பினேன். ஜெயமேரி நாத்தனாரைப் பார்த்தார். "அடுத்து நீ."

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி."

"என் புள்ளைக்கும் ஒண்ணுமில்லன்னுதான் நானும் இருந்தேன். படு எஸ்தரு."

ஆண்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்தேன். எஸ்தர் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். செம்மண்டலத்தில் தொடங்கி அவரிடம் சொல்வதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நாக்கு நுனியில் நின்றன. குமிழ்களைப் பதித்தேன். காகிதம் நகர ஆரம்பித்தது. கோடு ஏறியது, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

"எங்கிட்டேர்ந்துதான் அவளுக்குப் போச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். அவர் மார்பு குலுங்கியது, கோடு கிறுக்கலாகிவிட்டது. "அசையாமப் படுங்க. திரும்ப எடுக்கோணும்."

அவர் உதட்டைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். நான் முதலிலிருந்து எடுத்தேன்.